வலை தொலைந்த அன்றே சொல்லுங்கள்

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், சுங்கை பெர்ணம் ஆற்று முகத்தில் ஒரு பழைய வலையை நாங்கள் இழுத்துக் கரை சேர்த்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை முழுக்க வலைதான்.

என்னைத் தெரியாத புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அப்பா தேங்காய் உரித்தார். பதினேழு வயதில் ஹூத்தான் மெலிந்தாங் படகு ஜெட்டியில் ஒரு தவுக்கேயின், அதாவது முதலாளியின், வலைக் கொட்டகையில் கிழிசல் தைக்கச் சேர்ந்தேன். இருபத்தாறு வருடம் அந்தப் பலகைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது கண் மங்கிவிட்டது, ஊசி பிடிப்பதில்லை. மாதம் ஒரு முறை ஒரு மலாய் நண்பரின் படகில் ஏறி, கைவிடப்பட்ட வலைகளைத் தேடி எடுக்கிறோம்.

கேள்வி: தோட்டத்துச் சனங்களான நமக்கும் கடலில் கிடக்கும் வலைக்கும் என்ன சம்பந்தம்? வலையை ஏன்தான் கடலில் போட்டுவிட்டு வருகிறார்கள்?
— செம்பனைத் தோட்டத்து வாசகர், ஹூத்தான் மெலிந்தாங்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். நல்ல வலையை யாரும் மனசாரக் கடலில் விட்டுவிட்டு வருவதில்லை. சின்னப் படகுக்காரருக்கு ஒரு செட் வலை என்பது பல வாரச் சம்பாத்தியம். அது தொலைகிறது. எப்படித் தொலைகிறது என்பதைக் கடலுக்குப் போகாமலே நான் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் தப்பித்து வந்த மீதி வலை என் மடிக்குத்தான் வரும். இரவில் மிதக்கவிட்ட வலையின் மேல் வேறு படகு ஏறிப் போயிருந்தால் அறுந்த ஓரம் கத்தி வைத்தது போல இருக்கும். அடியில் மரக்கட்டையிலோ மூழ்கிய படகிலோ மாட்டியிருந்தால் ஓரம் நார் நாராகப் பிய்ந்து, கண்ணிகள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். விடியற்காலையில் சுமாத்ரா காற்று திடீரென்று அடித்து, உயிர் தப்பினால் போதும் என்று கயிற்றை வெட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்கள் வலையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மீன் சேரட்டும் என்று நாமே கடலில் போட்டு வைத்தவையும் வலையைப் பிடித்துக்கொள்கின்றன. தென்னை மட்டை கட்டிய உஞ்சாம் அப்படித்தான். அரசாங்கம் போட்ட செயற்கைப் பாறைகளும் அப்படித்தான். நம் நாட்டில் 1975ல் கெடா கடலில், தெலோர் தீவுப் பக்கம் பழைய டயர்களைக் கட்டிப் போட்டுத் தொடங்கியது அந்த வேலை. அப்புறம் சிமெண்டுக் கட்டைகள் வந்தன. மீனுக்கு வீடு, இழுவைப் படகுக்குத் தடை. ஆனால் அதன் மேல் விழுந்த வலை திரும்பி வராது.

வேண்டுமென்றே விடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. தடை செய்யப்பட்ட தள்ளுவலை போட்டவன் ரோந்துப் படகைப் பார்த்தால் வலையை வெட்டிவிட்டு ஓடுவான். இன்னொன்று நான் தினமும் பார்த்தது. தைக்க முடியாத அளவுக்குக் கிழிந்த வலையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் ஜெட்டிக்குக் கீழேயே தள்ளிவிடுவார்கள். குப்பை லாரி ஜெட்டி வரை வராது. வற்றத்தில் பார்த்தால் தூண்களைச் சுற்றி வலை வலையாகத் தொங்கும். கொட்டகையில் வேலை செய்த நாங்களும் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இன்றைக்கு அந்தத் தூண்களிலிருந்து வெட்டி எடுக்கும்போது அதுதான் என் மனசை அறுக்கிறது.

உலக அளவில் இது எவ்வளவு என்று கேட்டால், 2022ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஏழு நாடுகளில் சுமார் 450 மீனவர்களிடம் நேரில் கேட்டுக் கணக்குப் போட்டார்கள். நமக்கு எதிர்க்கரையான இந்தோனேசியாவும் அந்த ஏழில் ஒன்று. ஆண்டுதோறும் கடலில் தொலையும் செவுள் வலை மட்டும் ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீட்டர் என்று வந்தது. சிங்கப்பூரை நான்கு முறை போர்த்தலாம். மீனும் நண்டும் பிடிக்கப் போடும் கூண்டுகள் 25 மில்லியனுக்கு மேல்.

நமக்கு என்ன சம்பந்தம் என்றீர்கள். சம்பள நாள் சந்தையில் நீங்கள் கெம்போங் மீனும் இறாலும் வாங்குகிறீர்கள் இல்லையா, அது இந்தக் கரையிலிருந்து வருவது. தோட்டத்தில் வேலை குறைந்த காலத்தில் நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் படகில் கூலிக்குப் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்குப் பங்காக வர வேண்டிய மீனைத்தான் தொலைந்த வலை தின்கிறது. யார் வீட்டுக்கும் வராத மீன் அது.

கேள்வி: ஐயா, ஆளில்லாத வலை எப்படித் தொடர்ந்து மீன் பிடிக்கும்? நிறைந்துவிட்டால் நின்றுவிடாதா? பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு எழுதுகிறேன்.
— நான்காம் படிவ மாணவன், தெலுக் இந்தான்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. நிறைந்தால் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அது காலியாகிவிடுகிறது.

செவுள் வலை மெல்லிய நைலான் நரம்பால் ஆனது. தண்ணீரில் மீனின் கண்ணுக்குத் தெரியாது. தலை கண்ணிக்குள் நுழையும், பின்னால் வர முடியாமல் செவுள் மாட்டிக்கொள்ளும். எடுக்க ஆள் வராவிட்டால் மீன் செத்து அழுகும். அந்த வாடைக்கு நண்டு வரும், பெலாங்காஸ் என்ற குதிரைலாட நண்டும் வரும். தின்ன வந்ததும் மாட்டும். அதைத் தேடிப் பெரிய மீன் வரும். பாரம் ஏறிய வலை தரையோடு அமுங்கும். எல்லாம் அழுகி, தின்னப்பட்டு, பாரம் குறைந்ததும் மிதவைகள் வலையை மறுபடி தூக்கி நிறுத்தும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. மலாய்க்காரர்கள் இதைப் புக்காட் ஹந்து, அதாவது பேய் வலை என்கிறார்கள். நம் ஊர்களிலும் அந்தப் பேர்தான் வழங்குகிறது.

கண்காட்சிக்கு ஒன்றை மட்டும் சரியாக எழுது. இது என்றைக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஆழம் குறைந்த, நீரோட்டம் உள்ள இடத்தில் வலையில் பாசியும் சிப்பியும் ஒட்டும், சேறு படியும், சில மாதத்தில் சுருண்டு விழும். பிடிப்பு நன்றாகக் குறைந்துவிடும். அதிகம் கொல்வது முதல் சில வாரங்களில்தான். ஆழக்கடலில் அலையும் வெயிலும் எட்டாத இடத்தில் கிடப்பது வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். பிடிப்பது நின்ற பிறகும் நைலான் மக்காது. துண்டு துண்டாகிக் கண்ணுக்குத் தெரியாத தூளாகிக் கடலிலேயே இருக்கும்.

என் அப்பா காலத்துக்கு முன்னால் வலை பருத்தியிலும் சணலிலும் இருந்தது. தொலைந்தாலும் கொஞ்ச காலத்தில் மக்கிப் போகும். 1935ல் அமெரிக்காவில் நைலானைக் கண்டுபிடித்தார்கள், 1950களில் அது உலகம் முழுக்க வலையாக மாறியது. மீனவனுக்கு அது பெரிய வரம். வருடா வருடம் வலைக்குச் சாயம் போட்டுக் காய வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே உறுதிதான் தொலைந்த பின் ஆபத்து.

ஒரு சின்னச் சோதனை செய்து காட்டு. ஒரு வாளித் தண்ணீரில் உப்புப் போட்டு, நைலான் தூண்டில் நரம்பு ஒரு துண்டும், இழுவை வலையின் பச்சை நூல் ஒரு துண்டும் போடு. காற்றுக் குமிழி ஒட்டாமல் விரலால் நன்றாக அமுக்கி நனைத்துவிடு. நைலான் மூழ்கும். பச்சை நூல் பாலிஎத்திலீன், அது மிதக்கும். அதனால்தான் நைலான் வலை தொலைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, பச்சை வலை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கரைக்கே போய்ச் சேர்கிறது. மாலத்தீவுக்கு இப்படி மிதந்து வரும் வலைகளில் ஆமைகள் சிக்குவதைப் பார்த்துத்தான் அங்கே 2013ல் ஆலிவ் ரிட்லி ப்ராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

கேள்வி: அண்ணே, என் வீட்டுக்காரர் ஆலையில் வேலை செய்கிறார். சனி ஞாயிறில் கூட்டாளியின் சம்பான் படகில் இறால் வலை போடப் போவார். போன மாதம் இரவில் மூன்று அடுக்கு வலை முழுசாகத் தொலைந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை. மீன்வள ஆபீசில் சொன்னால் அபராதம் வரும் என்று பயப்படுகிறார். கூட்டாளிகளிடம் சொல்லவும் வெட்கப்படுகிறார். சொல்லத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, பாகான் டத்தோ

பதில்: சொல்லத்தான் வேண்டும், தங்கச்சி. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உன் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டு.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் மச்சான் இதே போல ஒரு வலையைத் தொலைத்தான். தவுக்கேயிடம் கடனுக்கு வாங்கிய மூன்று அடுக்கு வலை, கடன் பாதிகூட அடையவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அதன் கிழிசலை நான் தைத்துக் கொடுத்திருந்தேன். விடியற்காலையில் என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றான். "மாமா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான். நானும் சொல்லவில்லை. எந்த இடம், எத்தனை ஆழம், எந்தப் பக்கம் நீர் ஓடியது, எல்லாம் அன்றைக்கு அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கேட்டிருந்தால் ஜெட்டியில் நாலு பேர் கூடப் போயிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறு ஒருவரின் நங்கூரத்தில் ஒரு வலை மாட்டி வந்தது. அவர் அதை அப்படியே ஜெட்டியில் தூக்கிப் போட்டார். வாடை கொட்டகைக்குள் வந்தது. பெலாங்காஸ் மட்டும் முப்பத்தொன்று எண்ணினேன், பாதி உயிரோடு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. காளா மீன்கள் வெறும் முள்ளாக இருந்தன. நண்டுகள் ஓடு மட்டும். ஒரு கடல் பாம்பு. இறால் இருந்த அடையாளமே இல்லை, எல்லாம் தின்று தீர்ந்திருந்தது. பிரித்துக்கொண்டே போனபோது ஒரு கிழிசல் தைத்த இடம் விரலில் பட்டது. நான் ஓரத்தில் இரண்டு சுற்றுப் போட்டு முடிச்சை இடப்பக்கம் இழுத்து முடிப்பேன். கொட்டகையில் வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை. என் முடிச்சு மூன்று வாரமாகக் கடலில் வேலை செய்துகொண்டிருந்தது என்று அப்போது தெரிந்தது. மச்சானின் வெட்கத்தையும் என் வாய்மூடலையும் அன்றைக்கு நான் கையில் பிடித்திருந்தேன். நான் இந்த வேலைக்கு வந்தது அதனால்தான்.

இப்போது பயத்துக்கு வருவோம். கடலில் பிளாஸ்டிக்கை, வலையையும் சேர்த்துத்தான், வீசக் கூடாது என்று கப்பல்களுக்கான சர்வதேச ஒப்பந்தம் 1988 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒப்பந்தமே வேண்டுமென்று வீசுவதையும், கவனமாக இருந்தும் தவறித் தொலைந்ததையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. அப்படித் தவறித் தொலைத்தவர் அதன் பார்வையில் குற்றவாளி அல்ல. நார்வேயில் சட்டம் இன்னும் தெளிவு. வலை தொலைந்தால் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் எங்கே என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன இடங்களை வைத்துக்கொண்டு அவர்களுடைய மீன்வளத் துறை 1983லிருந்து வருடா வருடம் கப்பல் அனுப்பி இழுத்து எடுக்கிறது. 20,000க்கும் மேற்பட்ட வலைகளை எடுத்துவிட்டார்கள். மீனவர்கள் வாய் திறந்து இடத்தைச் சொன்னதால்தான் அது முடிந்தது. கடல் அவ்வளவு பெரியது, இடம் தெரியாமல் எந்தக் கப்பல் போனாலும் வீண்.

ஆகவே உன் வீட்டுக்காரர் நினைவில் இருப்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதட்டும். வலை போட்ட நேரம், ஏற்றமா வற்றமா, கரையில் எந்த அடையாளம் தெரிந்தது, எந்த நிற மிதவை, எத்தனை துண்டு, அடி எந்த ஆழம். கைப்பேசியில் அன்றைக்குப் போன பாதை பதிவாகியிருந்தால் அதையும் பார்க்கச் சொல். அதை எடுத்துக்கொண்டு முதலில் மீனவர் சங்கத்துக்குப் போகட்டும். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் எப்போதாவது ஒரு வலையைத் தொலைத்தவர்கள்தான், யாரும் சிரிக்க மாட்டார்கள். சங்கத்து ஆள் ஒருவரோடு மாவட்ட மீன்வள அலுவலகத்துக்கு. உரிமம் இல்லாமல் வலை போட்டிருந்தால் அந்தச் சங்கடம் தனி, அதைச் சங்கத்தில் மனம்விட்டுப் பேசி, இனிமேல் முறையாகச் செய்ய வழி கேட்கட்டும். அந்தப் பயத்துக்காக வலை கிடக்கும் இடத்தை மூடி வைக்க வேண்டாம்.

ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதே. மூன்று அடுக்கு வலை சுருண்டு கிடந்தாலும் நண்டைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்த வலை வாங்கும்போது இரண்டு முனையிலும், நடுவிலும் பெயரும் படகு எண்ணும் எழுதிய மிதவை கட்டச் சொல். இரவில் போட்டால் மினுக்கும் விளக்கு வேண்டும். விளக்கு சில வெள்ளிக்குக் கிடைக்கும். வலை போட்ட பிறகு தூங்கப் போகக் கூடாது, கூடவே இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் பதினான்கு பேர். படகு வாடகைக்கு எடுத்து நாங்களும் வலை அகற்றப் போகலாமா? முக்குளிக்கப் பழக வேண்டுமா?
— இளைஞர் குழு, சபாக் பெர்ணம்

பதில்: உங்கள் கடிதம் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஆனால் முக்குளிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தியோமான் போன்ற தெளிந்த தண்ணீரில் பவளப் பாறை மேல் கிடக்கும் வலையை முக்குளிப்பவர்கள்தான் எடுக்க வேண்டும். அங்கே ரீஃப் செக் மலேசியா அமைப்பு தீவு மக்களையே பழக்கி அந்த வேலையைச் செய்கிறது. பவளத்திலிருந்து இழுத்தால் பவளமும் சேர்ந்து உடையும், கத்தரிக்கோலால் சுற்றிலும் வெட்டி, காற்றுப் பை கட்டி மேலே அனுப்புவார்கள். நம் கரை வேறு. சேற்றுத் தண்ணீர். முழங்கைக்குக் கீழே கை தெரியாது. அங்கே வலைக்குப் பக்கத்தில் இறங்குவது தற்கொலை. கண்ணுக்குத் தெரியாத வலை மீனையும் ஆளையும் பிரித்துப் பார்க்காது.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, கண்டல் காட்டு ஓரம். அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் ரொம்ப இறங்கும். வேர்களில் சுற்றிய வலையெல்லாம் வெளியே தெரியும். காலையில் பசியாறிவிட்டு, வற்றம் அடிமட்டத்துக்கு வர ஒரு மணி நேரம் இருக்கும்போது தொடங்குங்கள். தண்ணீர் திரும்பும் நேரத்தைப் பார்க்க ஒருவரை மட்டும் கரையில் நிறுத்துங்கள், அவர் கூப்பிட்டால் பாதி வேலையானாலும் ஏறிவிட வேண்டும். இடுப்பளவு சேற்றில் நிற்கும்போது ஏற்றம் வந்தால் ஓட முடியாது. வலையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆப்பி ஆப்பி மரத்தின் மூச்சு வேர்கள் ஈர்க்குச்சி போல ஒடியும், இளங்கன்று வேரோடு வரும். வெட்டி வெட்டி எடுங்கள். பாதி புதைந்து, மேலே சிப்பியும் பாசியும் மூடி, சுற்றிலும் கன்று முளைத்துவிட்ட பழைய வலையானால் வெளியே நீட்டியிருப்பதை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியை விட்டுவிடலாம். தோண்டினால் கெடுதல்தான் அதிகம்.

இரண்டாவது, படகு. இதற்குப் பதினான்கு பேரும் வேண்டாம், நாலு பேர் போதும். மீதிப் பேர் கரையில் பிரிக்கும் வேலைக்கு. அந்தத் தண்ணீரில் பல வருடம் ஓட்டிய ஒருவர் இல்லாமல் போகவே கூடாது. எங்களுக்குச் சுக்கான் பிடிப்பவர் எழுபது வயதுப் பாக்சிக், மலாய்ப் பெரியவர். ஆயர் மாத்தி என்று அவர் சொல்லும் நாட்களில்தான் போவோம். நம் கணக்கில் அது அஷ்டமி வாக்கில் வரும். நீரோட்டம் தளர்ந்திருக்கும். மூன்று கொக்கி உள்ள சின்ன நங்கூரத்தைக் கயிற்றில் கட்டி, மீனவர் சொன்ன இடத்தில் மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாக இழுப்போம். மாட்டினால் கயிறு உயிருள்ளது போல நடுங்கும், ஒரு தரம் பிடித்தவர்களுக்கு மறக்காது. மாட்டிய உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். இன்ஜின் காற்றாடியில் வலை சுற்றினால் நீங்களும் அந்த வலையோடு கிடப்பீர்கள். கயிற்றைப் பின்பக்கம் கட்டாதீர்கள், முன்முனையில் கட்டுங்கள். பாரமான வலை அடியில் சிக்கியிருக்கும்போது அலை வந்தால் பின்பக்கம் அமுங்கித் தண்ணீர் ஏறிவிடும். ஒருவர் பாராங் கத்தியோடு சும்மா நிற்க வேண்டும். படகு சாய்ந்தால் யாரையும் கேட்காமல் கயிற்றை வெட்டுவது மட்டும்தான் அவர் வேலை. கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளக் கூடாது. மிதவைச் சட்டை இல்லாதவர் படகில் ஏறக் கூடாது.

கையுறை தடிப்பாக இருக்கட்டும். செம்பிலாங் மீனின் முள் குத்தினால் கை முழுக்கத் தீப்பிடித்தது போல வலிக்கும். பொறுக்கிற அளவு சூட்டில் வெந்நீரில் அமுக்கி வைத்தால் அடங்கும், அதற்கு ஒரு பெரிய பிளாஸ்க் எடுத்துப் போங்கள். கடல் பாம்பு விஷயத்தில் அதைவிடக் கவனம் வேண்டும். கடித்த இடத்தில் வலியே இருக்காது, பல் தடம்கூடச் சில சமயம் தெரியாது. அரை மணியோ இரண்டு மூன்று மணியோ கழித்துத்தான் உடம்பெல்லாம் வலித்துத் தாடை இறுகும். வலிக்கவில்லையே என்று வேலையைத் தொடர்ந்தவர்கள் செத்திருக்கிறார்கள். பாம்பு பட்டது என்று சந்தேகம் வந்தாலே படகைத் திருப்புங்கள்.

போவதற்கு முன் மாவட்ட மீன்வள அலுவலகத்திலும் மீனவர் சங்கத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். கொடியும் மிதவையும் நேராக நிற்கிறது என்றால் அது யாரோ ஒருவரின் பிழைப்பு, தொடாதீர்கள். எங்கள் ஆட்கள் ஒரு முறை அவசரப்பட்டு ஒரு நல்ல வலையை வெட்டிவிட்டார்கள். அந்த மீனவரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, புது வலைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தோம். அதன் பிறகும் அந்தக் கம்போங்கில் எங்களை நம்ப ஒரு வருடம் ஆனது.

கேள்வி: வலையில் ஆமை உயிரோடு இருந்தால் என்ன செய்வது?
— வாசகர், லுமூட்

பதில்: ஆமையின் துடுப்புக் கால்களைப் பிடித்து இழுக்காதீர்கள், வலையை வெட்டுங்கள். தொண்டைக்குள் நரம்பு போயிருந்தால் அதை உருவக் கூடாது, வெளியே கொஞ்சம் நீளம் விட்டு வெட்டிவிடுங்கள். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் போடாதீர்கள். ஆமைக்கு மூச்சு நம்மைப் போலக் காற்றில்தான். தண்ணீர் குடித்து மயங்கியிருக்கும். வயிறு கீழே இருக்கும்படி, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி வைத்து, நிழலில், ஈரத்துணி போட்டு வையுங்கள். மூக்கை மூட வேண்டாம். பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சு திரும்பும். அதற்குள் மீன்வளத் துறைக்கு அழையுங்கள். உங்கள் பக்கம் செகாரியில் அவர்களுடைய ஆமை நிலையமே இருக்கிறது.

கேள்வி: எடுத்த வலையை விற்க முடியுமா? ஈயக் குண்டுக்கு விலை உண்டு என்கிறார்கள்.
— வாசகர், ஹூத்தான் மெலிந்தாங்

பதில்: நைலான் வலையை உருக்கிப் பிரித்து மறுபடி புது நூலாக்க முடியும். பிலிப்பைன்ஸில் டானாஹோன் திட்டுப் பகுதி மீனவக் கிராமங்களில் 2012லிருந்து பழைய வலையை எடைக்கு வாங்கி, தரைவிரிப்பு நூலுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதற்கு வலை சுத்தமாக இருக்க வேண்டும். கடலில் மாதக்கணக்கில் கிடந்து சிப்பி ஒட்டிய வலையைவிட, ஜெட்டியில் கிழிந்ததும் நேரே கொடுக்கும் வலைக்குத்தான் மதிப்பு. ஆகவே நீங்கள் முதலில் பேச வேண்டியது வலை வைத்திருக்கும் தவுக்கேகளிடம். கிழிந்த வலையைத் தண்ணீரில் தள்ளாமல் ஓர் இடத்தில் குவித்து வைத்தால் போதும். நைலானையும் பச்சை வலையையும் கலக்காமல் வையுங்கள், கலந்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

ஈயத்தைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் உருக்காதீர்கள். பால் டின்னில் ஈயத்தைப் போட்டு அடுப்படியில் உருக்கி, மணலில் குழி செய்து புதுக் குண்டு ஊற்றுவதை நம் லயங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். அந்தப் புகையும் தரையில் விழும் தூளும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பாகற்காய்ப் பந்தலுக்கும் கோழிக் கூண்டைச் சுற்றியும் பழைய வலைதான் கட்டியிருக்கிறோம். இதிலும் தப்பு உண்டா?
— ஒரு வாசகி, ஹூத்தான் மெலிந்தாங்

பதில்: பந்தலுக்குக் கட்டுவதில் தப்பில்லை அம்மா, நானும் கட்டியிருக்கிறேன். இறுக்கமாக, தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டுக் கட்டுங்கள். கொடி காய்ந்ததும் வலையோடு சுருட்டிக் கால்வாயில் போட்டுவிடுவதுதான் நடக்கிறது. நம் தோட்டத்துக் கால்வாய் ஆற்றுக்குப் போகிறது, ஆறு கடலுக்கு. கத்தரித்துப் பையில் கட்டிக் குப்பை லாரியில் போடுங்கள்.

கோழிக் கூண்டைச் சுற்றி நைலான் வலை வேண்டாம், கம்பி வலை போடுங்கள். முட்டை தேடி வரும் பாம்பு நைலானில் தலையை விட்டால் செதிலில் மாட்டி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் வெயிலில் கிடந்து சாகும். போன வருடம் எங்கள் வரிசையிலேயே ஒரு மலைப்பாம்பு அப்படிக் கிடந்தது. நீங்கள் பார்க்கும்போது உயிரோடு இருந்தால் கிட்டப் போக வேண்டாம். 999க்கு அழைத்துக் குடிமைத் தற்காப்புப் படையைக் கேளுங்கள், வந்து வலையை வெட்டிப் பாம்பை எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் போன பிறகு மிச்ச வலையை அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.